ஆய்வுக் கட்டுரையில் யார் யார் பெயர் இடம்பெறலாம்? நெறியாளரின் அறக்கடமை எதுவரை?

கேள்வி: வேதியியல் ஆய்வு மாணவி

வணக்கம். தமிழ்நாட்டின் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வின் நான்காம் ஆண்டில் இருக்கிறேன். இரண்டு கட்டுரைகள் வெளிவந்துவிட்டன. மூன்றாவது கட்டுரை ஆய்விதழுக்கு அனுப்பும் நிலையில் உள்ளது. மாதிரிகளைத் தயாரித்ததும், அளவீடுகளை எடுத்ததும், முதல் வரைவை எழுதியதும் நான். கணக்கீட்டுப் பகுதியை எங்கள் ஆய்வகத்தின் இளைய மாணவர் ஒருவர் செய்தார். ஆய்வுச் சிக்கலை வகுத்துத் தந்து, வரைவை வரிவரியாகத் திருத்தியவர் என் நெறியாளர். ஆகவே மூன்று பெயர்கள் வரும் என்றே எண்ணியிருந்தேன். சென்ற வாரம் நெறியாளர் என்னை அழைத்து, துறைத்தலைவரின் பெயரையும், துறைத்தலைவரிடம் ஆய்வு செய்யும் மாணவர் ஒருவரின் பெயரையும் சேர்த்துவிடுமாறு சொன்னார். அந்த மாணவர் எங்கள் ஆய்வகத்துக்குள் வந்ததே இல்லை. கட்டுரையின் பொருள் என்னவென்றுகூட அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

என் நெறியாளரைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. அவர் நல்ல ஆசிரியர். கருவி பழுதானபோது தம் சொந்தப் பணத்தில் உதிரிப்பாகம் வாங்கித் தந்தவர். அதனால்தான் குழப்பம் கூடுகிறது. வகுப்பில் பாடம் நடத்துவது, விடைத்தாளை நடுநிலையோடு திருத்துவது, மாணவரிடம் கண்ணியமாக நடந்துகொள்வது ஆகியவற்றில் பேராசிரியரின் கடமை என்னவென்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கைடு என்ற இடத்துக்கு அவர் வந்துவிட்டால், எது கடமை, எது சலுகை, எது அத்துமீறல் என்று சொல்ல யாரிடமும் அளவுகோல் இருப்பதாகத் தெரியவில்லை. மூத்த மாணவர்களைக் கேட்டால், ‘இதெல்லாம் எல்லாத் துறையிலும் நடப்பதுதான், பட்டம் வாங்கும்வரை பேசாமல் இரு’ என்கிறார்கள். வங்கிக்குப் போய்வருவது, நெறியாளர் வீட்டுக் குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது போன்ற வேலைகளையும் அவர்கள் இதே தொனியில்தான் சொல்கிறார்கள்.

பெயர் சேர்ப்பது வெறும் மரியாதைதானா, அல்லது பேராசிரியர் ஒருவர் செய்யக்கூடாத செயலா? செய்யக்கூடாதது என்றால், அதை மாணவியாகிய நான் எப்படிச் சொல்வது? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


மறுமொழி: ஓய்வுபெற்ற பேராசிரியர், இயற்பியல்

அம்மா, பெயர் சேர்க்கலாமா என்பதற்கு விடை எளிது: சேர்க்கக்கூடாது. மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு, 1978-இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடியதிலிருந்து படிப்படியாக வகுத்த வழிகாட்டுதல்கள் இன்று மருத்துவத்துக்கு வெளியேயும் பெரிதும் ஏற்கப்படுகின்றன. அவற்றின்படி ஒருவர் கட்டுரையாசிரியர் ஆவதற்கு நான்கு தகுதிகளும் ஒருங்கே வேண்டும். ஆய்வைத் திட்டமிடுவதிலோ தரவைத் திரட்டுவதிலோ பகுப்பாய்விலோ குறிப்பிடத்தக்க பங்காற்றியிருக்க வேண்டும். வரைவை எழுதியிருக்க வேண்டும், அல்லது அறிவார்ந்த முறையில் திருத்தியிருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். கட்டுரையில் நாளை ஐயம் எழுந்தால் பொறுப்பேற்று விடை சொல்ல ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். நிதி பெற்றுத் தந்தது, பொதுவான மேற்பார்வை, நிர்வாக உதவி ஆகியவை மட்டும் போதாது என்று அதே வழிகாட்டுதல் வெளிப்படையாகவே சொல்கிறது. துறைத்தலைவர் என்ற பதவி இந்த நான்கில் எதிலும் வராது. அவருடைய மாணவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

விடை எளிதாக இருந்தும் உங்களால் அதை அந்த அறையில் சொல்ல முடியவில்லை அல்லவா? நெறியாளரின் அறக்கடமை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்பது என் கருத்து. வகுப்பறையில் ஆசிரியரின் அதிகாரம் அறுபது பேருக்கு முன்னால் செயல்படுகிறது. பாரபட்சம் காட்டினால் நாற்பது பேராவது பார்த்துவிடுவார்கள். நெறியாளரின் அதிகாரம் மூடிய அறையில், ஒருவரிடம் மட்டும் செயல்படுகிறது. தேசியத் தகுதித் தேர்வின் வழியே உதவித்தொகை பெறும் மாணவருக்கு மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 42,000 ரூபாய் என்று 2023 முதல் வழங்கப்படுகிறது. அந்தப் பணம் வருவதற்கு மாதந்தோறும் நிறுவனத்தின் உறுதிமொழி வேண்டும். ஆய்வேட்டை ஒப்படைக்க நெறியாளரின் சான்று வேண்டும். அதைத் திருத்தும் தேர்வாளர்களின் பெயர்ப் பட்டியல் பெரும்பாலும் அவரிடமிருந்தே தொடங்குகிறது. பட்டம் பெற்ற பிறகும் வேலைக்கோ மேலாய்வுக்கோ விண்ணப்பிக்க அவருடைய பரிந்துரைக் கடிதம் வேண்டும். இத்தனை கையெழுத்துகளும் ஒருவர் கையில் இருக்கும்போது, அவர் ‘விருப்பமிருந்தால் செய்’ என்று சொல்வதுகூட மாணவர் காதில் கட்டளையாகத்தான் விழும். எனவே மாணவரால் மறுக்க முடியாது என்று தெரிந்த ஒன்றை, பணிக்குத் தொடர்பில்லாத ஒன்றை, கேட்காமலிருப்பதே நெறியாளரின் முதற்கடமை. வங்கி வேலையும் பள்ளிக்கூட வேலையும் இந்த ஒரே அளவுகோலில் விழுந்துவிடுகின்றன.

இதற்கு வரலாற்றில் நன்கு பதிவான வழக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் 1943-ஆம் ஆண்டு ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற முனைவர் பட்ட மாணவர், காசநோய்க் கிருமியோடு வேலை செய்வது ஆபத்தானது என்பதால் மற்றவர்களிடமிருந்து ஒதுக்கப்பட்ட அடித்தள ஆய்வகம் ஒன்றில், மண்ணில் வாழும் நுண்ணுயிரியிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைப் பிரித்தெடுத்தார். அப்போது அவருக்கு வயது 23. காசநோயை முதன்முதலாகக் கட்டுப்படுத்திய அந்த மருந்தைப் பற்றி 1944 ஜனவரியில் வெளிவந்த கட்டுரையில் ஷாட்ஸின் பெயர் முதலிலும், எலிசபெத் பூகி என்பவரின் பெயர் இரண்டாவதாகவும், நெறியாளர் செல்மன் வாக்ஸ்மனின் பெயர் கடைசியிலும் இருந்தன. அதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. பின்னர் காப்புரிமை வந்தது. அதில் பூகியின் பெயர் இல்லை. காப்புரிமையைப் பல்கலைக்கழகத்தின் அறக்கட்டளைக்கு எழுதித் தருமாறு வாக்ஸ்மன் சொல்ல, பொதுநலனுக்குத்தானே என்று நம்பி ஷாட்ஸ் பெயரளவுத் தொகைக்குக் கையெழுத்திட்டார். ஆனால் விற்பனை உரிமத்தொகையில் 20 விழுக்காடு தமக்கு வரும்படி வாக்ஸ்மன் அந்த அறக்கட்டளையோடு தனி உடன்பாடு செய்திருந்தார். பத்திரிகைகளில் கண்டுபிடிப்பாளராக அவர் பெயர் மட்டுமே வந்துகொண்டிருந்தது. 1950-இல் ஷாட்ஸ் தம் ஆசிரியர்மீதே வழக்குத் தொடுத்தார். அந்த ஆண்டு இறுதியில் ஏற்பட்ட சமரசத்தில் அவர் இணைக் கண்டுபிடிப்பாளர் என்று ஏற்கப்பட்டு, உரிமத்தொகையில் 3 விழுக்காடும் பெற்றார். ஆயினும் 1952-இல் நோபெல் பரிசு வாக்ஸ்மன் ஒருவருக்கே தரப்பட்டது. ஆசிரியரை நீதிமன்றத்துக்கு இழுத்த மாணவர் என்ற பெயரால் முன்னணி ஆய்வகங்களின் கதவுகள் ஷாட்ஸுக்கு மூடிக்கொண்டன. அதே பல்கலைக்கழகம் 1994-இல் அவருக்குப் பதக்கம் அளித்தபோது அரை நூற்றாண்டு கடந்துவிட்டது.

இந்த வழக்கில் நான் கவனிக்கச் சொல்வது பரிசை அல்ல, அந்தக் கையெழுத்தை. ஆசிரியர் சொன்னார் என்பதற்காக மாணவர் கையெழுத்திட்டார்; தமக்கு அதில் தனி ஆதாயம் இருப்பதை ஆசிரியர் சொல்லவில்லை. உங்கள் நிகழ்ச்சி அளவில் மிகச் சிறியது என்றாலும், துறைத்தலைவர் பெயரைச் சேர்ப்பதால் யாருக்கு என்ன ஆதாயம் என்பதை உங்கள் நெறியாளரும் உங்களிடம் சொல்லவில்லை.

மாறாக நடந்ததும் உண்டு. கல்கத்தாவில் சர் சி.வி. இராமன் 1928 பிப்ரவரி 16 அன்று நேச்சர் இதழுக்கு எழுதிய புதிய சிதறொளி (பின்னாளில் ‘இராமன் விளைவு’ எனப்பட்டது) பற்றிய குறிப்பில், ஆய்வுமேசையில் தம்மோடு நின்ற கே.எஸ். கிருஷ்ணனின் பெயரும் இருந்தது. 1930-இல் பரிசு இராமன் ஒருவருக்கே வந்தது என்பது உண்மைதான். அது சரியா என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. ஆனால் அவர் தம் நோபெல் உரையிலேயே, தூய்மையாக்கிய கிளிசரினில் சிதறிய ஒளி பச்சையாகத் தெரிந்ததைத் தம்மோடு ஆய்வு செய்த வெங்கடேஸ்வரன் கண்டார் என்று பெயர் சொல்லிப் பதிவுசெய்தார். மிக எளிய செயல்தான், ஆனாலும் பலர் அதைக்கூடச் செய்வதில்லை.


மறுமொழி: உதவிப் பேராசிரியர், இணைப்புக் கல்லூரி

பேராசிரியர் ஐயா சொன்னவற்றில் கொள்கையளவில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நெறியாளரைத் தனியொரு மனிதராக நிறுத்தி அறம் பேசுவது எனக்குப் பாதி உண்மையாகவே படுகிறது. அவரும் ஒருவருடைய கையெழுத்துக்காகக் காத்திருப்பவர்தான். கருவியறையின் நேர ஒதுக்கீடு, வேதிப்பொருள் கொள்முதலுக்கான ஒப்புதல், பதவி உயர்வுக் கோப்பு ஆகிய அனைத்தும் துறைத்தலைவரின் மேசை வழியாகத்தான் போகின்றன. அந்த அம்மையாரின் நெறியாளர், தம் மாணவியின் கருவி நேரம் தடைபடக்கூடாது என்பதற்காகவே இதைக் கேட்டிருக்கலாம்.

இதில் கணக்கும் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக்குழுவின் 2018-ஆம் ஆண்டு ஆசிரியர் தகுதி விதிமுறைகளின்படி, இருவர் எழுதிய கட்டுரைக்குப் பதவி உயர்வில் தரப்படும் மொத்த மதிப்பெண்ணில் ஒவ்வொருவருக்கும் 70 விழுக்காடு. இருவருக்கு மேல் இருந்தால் முதன்மை ஆசிரியருக்கோ, இதழோடு கடிதத் தொடர்பு கொள்ளும் தொடர்பு ஆசிரியருக்கோ 70 விழுக்காடு, மற்ற ஒவ்வொருவருக்கும் 30 விழுக்காடு. மூன்று பேர் ஐவரானாலும் எண்மரானாலும் முன்பிருந்தவர்களின் மதிப்பெண்ணில் ஒன்றும் குறையாது. புதிதாக வருபவருக்கு 30 விழுக்காடு கூடுதலாகக் கிடைக்கும். யாருக்கும் இழப்பில்லாத கொடை என்றால் யார்தான் கொடுக்க மாட்டார்கள்? விதியை இப்படி எழுதிவைத்துவிட்டுப் பேராசிரியரின் மனச்சான்றை மட்டும் குறைசொல்வது பொருந்தாது. முனைவர் பட்டம் பெற்றுத் தந்த ஒவ்வொரு மாணவருக்கும் நெறியாளருக்கு 10 மதிப்பெண் என்று அதே விதிமுறை சொல்கிறது. எண்ணிக்கைக்கு மதிப்பெண் வைத்தால் எண்ணிக்கைதான் விளையும்.

இன்னொன்று. 1967-இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்தபோது சீரான இடைவெளியில் வானொலி அலைகளைத் துடிப்பாக அனுப்பும் துடிவிண்மீன்களின் குறிகையை முதலில் கண்டவர் ஜோசலின் பெல். மறு ஆண்டு வந்த கட்டுரையில் ஐவர் பெயர்கள். நெறியாளர் ஆன்டனி ஹியூயிஷின் பெயர் முதலில், பெல்லின் பெயர் இரண்டாவது. 1974-இல் நோபெல் பரிசு ஹியூயிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போனது. பலர் கொதித்தார்கள், ஆனால் பெல் அம்மையாரே, ஆய்வு தோற்றால் பொறுப்பு நெறியாளருடையது, ஆகவே வென்றால் பெருமையும் அவரைச் சேர்வது நியாயமே என்ற கருத்தில்தான் பேசினார். பாதிக்கப்பட்டவர் என்று நாம் கருதுபவர்களே இப்படி நினைக்கும்போது, நாம் இவ்வளவு கடுமையாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டுமா?

நடைமுறையாகச் சொன்னால், இந்த ஒரு கட்டுரையில் பெயரைச் சேர்த்துவிட்டுப் பட்டத்தை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். நாளை நீங்கள் நெறியாளர் ஆகும்போது சரியாக நடந்துகொள்ளுங்கள்.


மறுமொழி: தமிழ்த்துறை ஆய்வாளர்

அறிவியல் துறையிலாவது விவாதிப்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. எங்கள் பக்கம் ஆய்வகமும் கருவியும் இல்லை. மாணவர் தனியாக நூலகத்தில் உட்கார்ந்து, ஓலைச்சுவடி நிலையத்துக்கு அலைந்து எழுதும் கட்டுரையில் நெறியாளரின் உழைப்பு என்பது பல நேரங்களில் ஒரு முறை படித்துப் பார்த்ததோடு முடிந்துவிடும். அப்படியிருந்தும் கருத்தரங்கக் கட்டுரைத் தொகுப்புகளில் நெறியாளர் பெயர் முதலிலும் மாணவர் பெயர் இரண்டாவதாகவும் அச்சாகின்றன. ஆய்வேட்டின் இயல்கள் பின்னாளில் நெறியாளரின் நூலில் அடிக்குறிப்பின்றி இடம்பெறுவதையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு வழக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாய்மொழித் தேர்வு நாளில் புறத்தேர்வாளருக்கு விடுதி அறை, வந்தவர் அனைவருக்கும் விருந்து, சால்வை, பரிசுப்பொருள் என்று மாணவர் கடன் வாங்கிச் செலவழிக்கிறார். யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் முந்தைய மாணவர் செய்ததைவிடக் குறைத்துச் செய்யும் துணிவு அடுத்தவருக்கு வருவதில்லை. ‘மகிழ்ச்சியில் செய்கிறார்கள், நாம் ஏன் தடுக்க வேண்டும்’ என்று பேராசிரியர்கள் சொல்கிறார்கள். பட்டத்தைப் பரிந்துரைக்கும் கையெழுத்து இன்னும் விழாதபோது தரப்படும் பரிசை மகிழ்ச்சி என்ற கணக்கில் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. நெறியாளர் ஒரே ஒரு முறை, தம் மாணவர்கள் அனைவரும் இருக்கும்போது, ‘தேநீருக்கு மேல் எதுவும் கூடாது’ என்று சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும். சொல்லாமலிருப்பதும் ஒரு செயல்தான்.


மறுமொழி: பல்கலைக்கழக நூலகர்

கருத்துத்திருட்டைச் சோதிக்கும் மென்பொருளை இயக்கி, ஆய்வேடுகளுக்குச் சான்று தரும் பணியில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

உதவிப் பேராசிரியர் அவர்கள் பெயர் சேர்ப்பதை ‘யாருக்கும் இழப்பில்லாத கொடை’ என்கிறார். மதிப்பெண் கணக்கில் அது சரி. பொறுப்புக் கணக்கில் சரியல்ல. மானியக்குழு 2018-இல் கொண்டுவந்த கல்வி நேர்மை விதிமுறைகளில், பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10 முதல் 40, 40 முதல் 60, 60-க்கு மேல் என்று மூன்று படிகளில் தண்டனை கூடுகிறது. வெளியான கட்டுரையில் இரண்டாம் படிக் குற்றம் உறுதியானால் கட்டுரையைத் திரும்பப் பெறுவதோடு, ஓர் ஆண்டு ஊதிய உயர்வும் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குப் புதிய ஆய்வு மாணவரை ஏற்கவும் முடியாது. மூன்றாம் படி என்றால் அடுத்தடுத்த இரண்டு ஊதிய உயர்வுகளும், மூன்று ஆண்டுகளுக்குப் புதிய மாணவரை ஏற்கும் உரிமையும் போய்விடும். கட்டுரையைப் படிக்காமலேயே பெயரைக் கொடுத்த துறைத்தலைவர், அதில் தவறு ஏதேனும் இருந்தால் அதற்கும் பெயரைக் கொடுத்தவராகிறார். உங்கள் கட்டுரையில் அப்படி எதுவும் இருக்காது என்பது வேறு. படிக்காதவருக்கு அது எப்படித் தெரியும்?

எதிர்த்திசையிலும் இது பாய்கிறது; பேராசிரியரின் பிழை மாணவர் பெயரில் ஒட்டிக்கொள்கிறது. நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தில் சமூக உளவியல் பேராசிரியராக இருந்த டீடரிக் ஸ்டாபல், ஆய்வுத் தரவைத் தாமே திரட்டி வருவதாகச் சொல்லித் தம் முனைவர் பட்ட மாணவர்களுக்குக் கொடுத்து வந்தார். அவற்றுள் பல, அவர் வீட்டில் உட்கார்ந்து இட்டுக்கட்டிய எண்கள். 2011-இல் அதைக் கண்டுபிடித்துத் துறைத்தலைவரிடம் முறையிட்டவர்கள் அங்கிருந்த இளம் ஆய்வாளர்கள் மூவர். 50-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. மாணவர்கள் குற்றமற்றவர்கள் என்று விசாரணைக்குழு சொன்னபோதிலும், அவர்களில் பலருடைய ஆய்வேடுகள் அந்தத் தரவின்மீதே எழுதப்பட்டிருந்தன. எத்தனையோ ஆண்டு உழைப்பு, தாங்கள் செய்யாத ஒன்றுக்காகச் செல்லாததாயிற்று. நெறியாளர் தரும் தரவை மாணவர் கேள்வி கேட்காமல் ஏற்கும் சூழலை அவர் வளர்த்திருந்தார் என்பதையும் அந்த அறிக்கை சுட்டியது.

சகோதரிக்கு உதவக்கூடிய நடைமுறைச் செய்தி ஒன்று: பெரும்பாலான பன்னாட்டு ஆய்விதழ்கள் இப்போது கட்டுரையோடு ‘ஒவ்வொருவரின் பங்களிப்பு’ என்ற குறிப்பையும் கேட்கின்றன. கருத்தாக்கம், முறையியல், தரவுத் திரட்டல், பகுப்பாய்வு, முதல் வரைவு, மேற்பார்வை, நிதி என்று 14 வகைகளைக் கொண்ட பட்டியலிலிருந்து ஒவ்வொரு பெயருக்கும் நேரே குறிக்க வேண்டும். கட்டுரையைப் பதிவேற்றியதும் எல்லா ஆசிரியர்களுக்கும் மின்னஞ்சல் போகும். சில இதழ்களில் ஒவ்வொருவரும் ஒப்புதல் தர வேண்டும். அந்தப் படிவத்தை அச்செடுத்து நெறியாளரிடம் கொண்டுபோய், ‘சார், இந்த இரண்டு பெயர்களுக்கு நேரே எதைக் குறிப்பது என்று சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். எதிர்ப்பு என்று எதுவும் சொல்லத் தேவையில்லை.


மறுமொழி: வேதியியல் ஆய்வு மாணவி

அனைவருக்கும் மிக்க நன்றி. நூலகர் ஐயா சொன்ன படிவம் நான் அனுப்பவிருக்கும் இதழிலும் இருக்கிறது. இதுவரை அதைக் கடைசி நேரத்தில் நிரப்பும் சடங்காகவே நினைத்திருந்தேன். நாளை மறுநாள் நெறியாளரைச் சந்திக்கும்போது அதைக் கொண்டுபோகிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள். துறைத்தலைவரின் பொறுப்பில் உள்ள கருவியில்தான் நிறமாலை அளவீடுகளில் சிலவற்றை எடுத்தேன். இயக்கியவர் அங்குள்ள தொழில்நுட்ப உதவியாளர். அதைப் பங்களிப்பு என்று காட்டலாமா? இரண்டாவது, பேச்சு சரியாக அமையாவிட்டால் ஆய்வு ஆலோசனைக் குழுவில் இதை எழுப்ப முடியுமா? அந்தக் குழுவின் அடுத்த கூட்டம் இந்தப் பருவத்தின் இறுதியில் வருகிறது.


மறுமொழி: ஓய்வுபெற்ற பேராசிரியர், இயற்பியல்

முதலில் உதவிப் பேராசிரியருக்கு. ஜோசலின் பெல் அம்மையாரின் சொற்களை நானும் அறிவேன். அவர் தம் இழப்பைப் பெருந்தன்மையோடு எடுத்துக்கொண்டார். 2018-இல் தமக்குக் கிடைத்த 30 லட்சம் டாலர் பரிசையும், இயற்பியலில் வாய்ப்புக் குறைந்த பின்னணிகளிலிருந்து வரும் ஆய்வு மாணவர்களுக்கான உதவித்தொகைக்கு அப்படியே கொடுத்துவிட்டார். ஆனால் மாணவரின் பெருந்தன்மை ஆசிரியருக்கு உரிமைச்சீட்டு ஆகாது. மேலும் ஹியூயிஷ் அந்தத் தொலைநோக்கியைத் திட்டமிட்டவர், அந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர். அங்கே நடந்தது, உழைத்த இருவருள் யாருக்கு எவ்வளவு என்ற வழக்கு. இங்கே கேட்கப்படுவது, உழைக்காத ஒருவருக்கு ஏதேனும் உண்டா என்பது. இரண்டையும் ஒன்றாக்கினால் எதுவும் சரிதான் என்று ஆகிவிடும்.

மதிப்பெண் விதி தவறான தூண்டுதலைத் தருகிறது என்பதை முழுமையாக ஏற்கிறேன். அது நல்ல கணிப்பு. ஆனால் அதே 2018 ஆசிரியர் தகுதி விதிமுறைகளுக்குள்ளேதான் ஆசிரியர்களுக்கான தொழில்நெறித் தொகுப்பும் இருக்கிறது. கருத்துத்திருட்டையும் ஆய்வில் நெறியற்ற பிற செயல்களையும் ஆசிரியர் தாமும் செய்யக்கூடாது, பிறரையும் ஊக்குவிக்கக்கூடாது. மாணவரிடம் மதம், சாதி, அரசியல், பொருளாதார நிலை பாராமல் நடுநிலையோடு நடக்க வேண்டும். வகுப்பு நேரத்துக்கு அப்பாலும் கைம்மாறு கருதாமல் மாணவருக்கு வழிகாட்ட வேண்டும் என்றெல்லாம் அது சொல்கிறது. பதவி உயர்வு நேர்காணலுக்குப் போகும்போது மதிப்பெண் அட்டவணையை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போகிறோம். அந்தப் பக்கங்களை யாரும் புரட்டுவதில்லை. ‘நாளை நீங்கள் நெறியாளர் ஆகும்போது சரியாக நடந்துகொள்ளுங்கள்’ என்ற அறிவுரையை என் தலைமுறையும் கேட்டுத்தான் வளர்ந்தது. துறைத்தலைவர்களாக ஆன பிறகு நாங்கள் என்ன செய்தோம் என்பது இந்தக் கேள்வியிலேயே தெரிகிறது.

நெறியாளரும் அழுத்தத்தில் இருக்கிறார் என்பது உண்மையாக இருக்கலாம். அப்படியானால் அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டியவர் அவர்தான். பதவியும் நிலையான ஊதியமும் அவரிடம் இருக்கின்றன. தமக்கு மேலே இருப்பவரிடம் ‘முடியாது’ என்று சொல்லும் சங்கடத்தைத் தமக்குக் கீழே இருப்பவரின் கட்டுரையைக் கொடுத்துத் தீர்த்துக்கொள்வதை நான் ஏற்க மாட்டேன்.

இனி உங்கள் ஐயங்களுக்கு வருகிறேன், அம்மா. கருவியைப் பயன்படுத்த இசைந்ததற்கு நன்றியுரைப் பகுதி இருக்கிறது. ‘நிறமாலை அளவீடுகளுக்கான கருவி வசதியை அளித்த துறைத்தலைவருக்கு நன்றி’ என்று ஒரு வரி போதும். தொழில்நுட்ப உதவியாளரின் பெயரையும் அங்கே எழுதுங்கள். பொதுவாக விடுபட்டுப்போகும் பெயர் அதுதான். அவர் வழக்கமான அளவீட்டோடு நிற்காமல், மாதிரிக்கு ஏற்ற புது முறையொன்றை வகுத்துத் தந்து, முடிவுகளை விளக்குவதிலும் வரைவிலும் பங்கெடுத்திருந்தால், துறைத்தலைவரைவிட அவருக்கே கட்டுரையாசிரியர் ஆகும் தகுதி உண்டு.

ஆய்வு ஆலோசனைக் குழுவைப் பற்றி: மானியக்குழுவின் 2022-ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிமுறைகளின்படி ஒவ்வொரு பருவத்திலும் மாணவர் அந்தக் குழுவின் முன் தம் பணியை எடுத்துரைக்க வேண்டும்; குழுவின் பரிந்துரைகளின் நகல் ஒன்று மாணவருக்கும் தரப்பட வேண்டும். ஆனால் அந்தக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் உங்கள் நெறியாளரேதான். ஆகவே அவரைப் பற்றிய முறையீட்டை அங்கே எழுப்புவது பயன்தராது. அந்தக் கூட்டத்தை வேறு விதமாகப் பயன்படுத்துங்கள். உங்கள் எடுத்துரைப்பில் மூன்றாவது கட்டுரையின் எந்தப் பகுதியை யார் செய்தார் என்பதை ஒரு பக்கத்தில் தெளிவாகக் காட்டுங்கள். அது குழுவின் பதிவில் ஏறிவிடும். பின்னாளில் யாரும் மறுக்க முடியாது.

முறையான முறையீடு தேவைப்படும் நிலை வராது என்றே நம்புகிறேன். வந்தால், மானியக்குழுவின் 2023-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்க் குழு இருக்க வேண்டும். அது 15 வேலை நாள்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அதன் முடிவில் நிறைவில்லையெனில் குறைகேள் அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆய்விதழுக்கு எழுதினால் அவர்கள் பெரும்பாலும் தாங்கள் தீர்ப்புச் சொல்லாமல், உங்கள் பல்கலைக்கழகமே விசாரிக்கட்டும் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே அந்த வழியில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

நாளை மறுநாள் பேசும்போது அந்த மாணவரின் பெயரிலிருந்து தொடங்குங்கள். துறைத்தலைவரின் பெயரை இரண்டாவதாக எடுங்கள். ஆய்வகத்துக்கே வராதவருக்குப் படிவத்தில் குறிக்க எதுவுமில்லை என்பதை உங்கள் நெறியாளரே சொல்லிவிடுவார். அதைச் சொன்ன பிறகு அடுத்த பெயருக்கு வேறு விடை சொல்வது அவருக்கும் கடினம். சந்திப்பு முடிந்ததும், பேசி முடிவான பெயர் வரிசையை அன்றைக்கே மின்னஞ்சலில் அவருக்கு எழுதி, ‘நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று தெரிவிக்க வேண்டுகிறேன்’ என்று பணிவோடு கேட்டுவிடுங்கள்.